கால்-கை வலிப்பும் வாழ்க்கைத் தரமும்: 31 கேள்வியா, 10 கேள்வியா?

வலிப்பு எத்தனை முறை வந்தது என்ற கணக்கை மட்டும் வைத்து ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று சொல்ல முடியாது. அதை அறியத்தான் 31 கேள்விகள் கொண்ட கியூ.ஓ.எல்.ஐ.இ.-31 (QOLIE: ‘கால்-கை வலிப்பில் வாழ்க்கைத் தரம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) வினாத்தாளும், அதைப் பத்துக் கேள்விகளாகச் சுருக்கிய கியூ.ஓ.எல்.ஐ.இ.-10-உம் இருக்கின்றன.

பெரிய வினாத்தாளில் 7 பிரிவுகள். மதிப்பெண் 0 முதல் 100 வரை, கூடினால் நல்லது. மொத்த மதிப்பெண்ணில் நினைவாற்றல், கவனம் போன்றவற்றுக்கு 27%, சமூக வாழ்க்கைக்கு 21%. மருந்தின் விளைவுகளுக்கோ வெறும் 3%. தவறு நேர்வது இங்கேதான். மாத்திரையால் நாள் முழுக்கத் தலைசுற்றலோடு இருப்பவரின் அவதி, மொத்த எண்ணில் அனேகமாகத் தெரியாமலே போய்விடும். எனவே பிரிவு மதிப்பெண்களைத் தனித்தனியே பார்த்தே ஆக வேண்டும்.

சிறியது சில நிமிட வேலை. மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்திலேயே முடித்துவிடலாம். மருந்தால் உடலுக்கு வரும் தொந்தரவையும் மனதுக்கு வருவதையும் தனித்தனியாகக் கேட்பது இதன் பலம். ஆனால் நினைவாற்றலுக்கு ஒரே கேள்விதான். மருந்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட, எங்கள் கருத்தில், பெரியதே சரி.

எதுவானாலும் நோயாளியே பதில் சொல்லட்டும். வலிப்பு வந்து குழப்பம் தெளியாத நேரத்தில் தாளை நீட்ட வேண்டாம்.