கொழும்பின் நைஸ் பாறையும் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லும்: விரிசல்களின் போக்கு

கொழும்பில் கபுக் கல் எனும் செம்பூராங்கல்லைத் தாண்டி இறங்கும் குழாய்க் கிணற்றுத் துளைப்பான், நைஸ் (gneiss) எனும் உருமாறிய பாறையைத் தொட்டதும் சாம்பல் நிறத் தூளையே உமிழ்கிறது. அத்தூள் திடீரென ஈரச் சேறாக வந்தால், நீருள்ள விரிசலொன்று அகப்பட்டுவிட்டதென்று பொருள். இறுகிய இப்பாறையின் மணிகளுக்கிடையே நீர் தங்க இடமில்லை. ஆழம் கூடக்கூட, மேற்சுமையால் விரிசல்களும் பெரும்பாலும் ஒடுங்கிவிடுகின்றன.

யாழ்ப்பாணத்து மயோசீன் காலச் (சுமார் 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய) சுண்ணாம்புக்கல் வேறுவகை. படிவுப் பாறைகளில் பொதுவாக மெல்லிய படைகளில் விரிசல்கள் நெருக்கமாகவும் தடித்த படைகளில் விலகியும் அமைகின்றன. இடையே மென்மையான களிப்படை வந்தால் பல விரிசல்கள் அங்கேயே நின்றுவிடும். சுண்ணாம்புக்கல்லிலோ மழைநீர் விரிசல்களின் ஓரங்களைக் கரைத்து அகலமாக்க, நிலாவரைக் கிணறு போன்ற ஆழ்குழிகள் தோன்றுகின்றன. நீர் தேடுவோருக்கு இதுவே வாய்ப்பானது என்பேன். ஆயினும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வழியாகத்தான் கிணற்றை அடைகிறது.