கேள்வி வங்கியா, பக்கத்து வீட்டு நர்ஸா?

பொறியியல் முடித்துச் சில வருடம் வேலையும் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி நேர்காணலுக்குத் தயாராகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. காசு கட்டிப் பயிற்சி நிறுவனத்தில் சேரலாம். இல்லையென்றால், தெரிந்தவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொல்லலாம். போன வருடம் நான் இரண்டையும் செய்து பார்த்தேன். முதலாவதில் 600 டாலர் போனது. இரண்டாவதில் மூன்று சனிக்கிழமை இட்லிக்கு மாவு அரைத்தேன்.

நான் சொல்வது பொறியியலை அடித்தளமாக வைத்த கல்லூரிகளுக்கு மட்டும்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் இல்லினாய் கல்லூரி 2018இல் 32 மாணவர்களோடு தொடங்கியது. அங்கே பாடங்களை மருத்துவரும் பொறியாளரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து வகுக்கிறார்கள். ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் நடத்தும் என்மெட் என்ற படிப்பில் நாலு வருடத்தில் எம்.டி.யோடு (அங்கே டாக்டராவதற்கான முதல் பட்டமே அதுதான்) பொறியியல் முதுகலைப் பட்டமும் கிடைக்கும். ஆனால் படிப்பு முடிவதற்குள் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவர் தான் செய்த புராஜெக்டைப் பற்றி எத்தனை கேள்வி வந்தாலும் தாங்க வேண்டும்.

பயிற்சி நிறுவனத்துக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்த எம்.எம்.ஐ. (பல குட்டி நேர்காணல்கள்) முறையில், ஒரு சிக்கலைப் படிக்க இரண்டு நிமிடமும் பேச ஏழெட்டு நிமிடமும் தருவார்கள். மணி அடித்ததும் அடுத்த ஆள், அடுத்த சிக்கல். அந்தக் கடிகார வேகம் வீட்டில் வராது. இதற்கு முன் எம்.எம்.ஐ.யைப் பார்த்ததே இல்லை என்றால், ஒரே ஒரு அமர்வுக்கு மட்டும் காசு கொடுங்கள். பதிலுக்குப் பதில் 'ஆக்சுவலி' போடும் என் பழக்கத்தை நிறுத்தியதும் அவர்கள்தான்.

பயிற்சி நிறுவனம் தரும் கேள்வி வங்கியில் இல்லாத ஒன்று, பதிலைத் தோண்டிக்கொண்டே போகும் மூன்றாவது கேள்வி. 'உங்கள் புராஜெக்டைப் பற்றிச் சொல்லுங்கள்' அதில் இருக்கும், அதற்கு 90 விநாடிப் பதிலும் இருக்கும். நான் செய்தது விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி, ரத்தம் இரண்டில் எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்கிற விகிதம். பயிற்றுநர் கேட்டுவிட்டு 'சூப்பர்' என்றார். அதோடு சரி.

அதே பதிலைப் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். ஐ.சி.யூ.வில் இரவு டியூட்டி பார்ப்பவர், கறுப்பினத்தவர். "கை ஜில்லென்று இருந்தால் காட்டுமா?" என்றார். சமாளித்தேன். "நெயில் பாலிஷ் போட்டிருந்தால்?" அதையும் சமாளித்தேன். அப்புறம் தன் விரலை நீட்டி, "இதில் சரியாகக் காட்டுமா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. லேபில் இருந்த நண்பர்களின் விரலில்தான் சோதித்திருந்தேன். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். என் விரலே மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழே, ஆனாலும் எனக்கு அது தோன்றவில்லை. அன்றிரவு தேடியபோதுதான் 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. கருவி 92 முதல் 96 சதவீதம் என்று நல்லபடியாகக் காட்டும்போதே, ரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே கிடந்த சமயங்கள் வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்காம். என் அழகான 90 விநாடிப் பதிலில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆகவே என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான். ஆனால் ஆளைப் பார்த்துப் பிடியுங்கள். கருவியைக் கையாளப் போகிற ஒருவர், அதுபோல ஒன்றைச் செய்து பார்த்த ஒருவர், எதுவுமே தெரியாத ஒருவர். மூன்றாவது இடத்துக்கு நான் பிடித்தது திருச்சியில் இருக்கும் அம்மாவை, வாட்ஸப்பில். தமிழில் விளக்கும்போது 'சிக்னல் ப்ராசஸிங்' என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. "புரியலடா, முதல்லேர்ந்து சொல்லு" என்று நாலு தடவை திருப்பி அனுப்பினார். திணறிய கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவைத்தேன், மொத்தம் 17.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் போனது ஒரே ஒரு கல்லூரி நேர்காணல், அதுவும் ஜூம் வழியே. நேரில் கூப்பிடும் இடத்தில் நடை, கைகுலுக்கல் என்று பயிற்சி நிறுவனம் கூடுதலாக உதவலாம்.

அந்த நேர்காணலில் என் புராஜெக்டைப் பற்றி வந்தது நாலே கேள்வி. மூன்று நோட்டில் இருந்தன. நாலாவதாக, ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் கருவி பொய்யாக அலாரம் அடித்தால் எழுந்து போவது யார் என்றார் ஒரு மருத்துவர். நர்ஸ் அக்காவின் வீங்கிய கண்கள் ஞாபகம் வந்தன. அவரிலிருந்தே பதிலைத் தொடங்கினேன்.