பழைய வேட்டித்துணியா, பாக்கெட் டயப்பரா?

துணி டயப்பர் வாங்க நினைப்பவர்கள் எவ்வளவு உறிஞ்சும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பிள்ளை வளர்க்கிறவர்கள், எவ்வளவு சீக்கிரம் காயும் என்று கேட்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்ட துணி மறுநாளும் சில்லென்றே தொங்கும்.

அந்தக் கணக்கில் தாத்தாவின் நைந்த வேட்டிதான் முந்துகிறது. உதறி விரித்தால் ஒற்றைத் துணி. ஃபேனுக்கு அடியில் ராத்திரி போட்டு விடிந்ததும் எடுக்கலாம். ஓரத்தில் ஈரம் தங்கியிருந்தால் இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு. கொதிக்கிற வெந்நீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பாக்கெட் டயப்பர் என்பது பை மாதிரி தைத்த உறை, அதற்குள் உறிஞ்சும் பேடைச் செருகிக் கட்டுவார்கள். அந்த உறைக்கு இதெல்லாம் கூடாது. அதன் உட்பக்கம் ஒட்டியிருக்கும் பாலியூரித்தேன் படலம் அதிகச் சூட்டில் பிரிந்துவிடும். அப்புறம் ஒழுக ஆரம்பிக்கும். உறை என்னவோ சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, உள்ளே செருகும் பேடில்தான் வம்பு. மைக்ரோஃபைபர் பேட் பரவாயில்லை, தோலில் நேரே படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பருத்தியிலோ மூங்கில் நாரிலோ நாலைந்து அடுக்காகத் தைத்தது அடைமழையில் பூஞ்சை வாடை வீசிவிடும்.

அதற்காக வேட்டித்துணியே போதும் என்று சொல்ல மாட்டேன். ராத்திரித் தூக்கத்துக்கும், பஸ்ஸில் தஞ்சாவூர் போய் வருவதற்கும் அது சரிப்படாது. பிள்ளையோடு நம் மடியும் நனைந்துவிடும். பகலுக்கு வேட்டி, ராத்திரிக்கும் வெளியூருக்கும் நாலைந்து பாக்கெட். என் கணக்கு அதுதான்.

அழுக்குத் துணியை வாளியில் ஊறப்போடுவதா, அலசிப் பிழிந்து உலர்வாக வைப்பதா? இரண்டாவதுதான். மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றுவதால்தான் அந்த மூக்கைத் துளைக்கும் நெடி. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஊறுகிற வாளி அதற்கு வசதி செய்து கொடுக்கிறது. உறையின் எலாஸ்டிக்கும் சீக்கிரம் தளரும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் தரையில் தண்ணீர் வாளி வைப்பதே ஆபத்து. ஓட்டைக் கூடையில் போட்டு மறுநாள் காலைக்குள் துவைத்துவிடுங்கள்.

“எடுத்த எடுப்புல வெந்நி ஊத்தாதம்மா, கறை உறைஞ்சு போயிடும்” என்பார் என் மாமியார். சரியான பேச்சு. முதலில் பச்சைத்தண்ணீரில் அலசல், பிறகுதான் சூடு. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மஞ்சள் கறையை நல்ல வெயில் வெளுத்துவிடும்.

கை, மெஷின் என்ற வாதத்தைவிடத் தண்ணீர்தான் பெரிய விஷயம். வேதாரண்யம் போலக் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதில் கட்டி சோப்பு நுரைக்காமல் திரிந்து நூலிழையில் படியும். துணி விறைத்து, உறிஞ்சுவதும் குறையும். அங்கே பவுடர்தான் மேல். கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள். மணத்துக்காகச் சேர்க்கும் கம்ஃபர்ட் மாதிரியான திரவம் இரண்டு வகைக்குமே ஆகாது. அதுவும் இழையில் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும்.

அடுத்த பிள்ளைக்கென்று எடுத்து வைக்கும்போது பீரோவில் பாச்சை உருண்டை போடுவது நம் வீடுகளில் வழக்கம். குழந்தைத் துணிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு அந்த உருண்டையில் இருக்கும் நாஃப்தலின் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் வரலாம். துணி மொறமொறவென்று காய்ந்த பிறகு காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு மூடி வைத்தால் போதும். உறைகளை இறுக்கி மடிக்காமல் தளர்வாக வையுங்கள். ஏற்கெனவே உருண்டை போட்ட துணியாக இருந்தால், துவைத்து வெயிலில் போட்ட பிறகும் வாடை நிற்கிறதா என்று முகர்ந்து பாருங்கள். நின்றால் அது கரித்துணிக்குத்தான்.