என்ஐஓஎஸ் வழியாகப் பத்தாம் வகுப்பு: வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒத்து வருமா?

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர்கள் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: சர்டிபிகேட்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? பத்து, பதினொரு வயது வரைக்கும் கதைப் புத்தகம், தோட்டம், பாட்டு, கணக்கு என்று நிம்மதியாகப் போகும். பதின்மூன்று ஆனதும் வயிற்றைக் கலக்க ஆரம்பிக்கும். எங்கள் மகள் என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு முடித்து, இப்போது அதிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கோயம்புத்தூரில் இருக்கிறோம். விசாரித்துக் கேட்பவர்களுக்கெல்லாம் போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தரக் குடும்பத்தில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட ஒத்து வரும் வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூடம் நமக்காகச் செய்யும் யோசனை அத்தனையையும் இதில் பெற்றோர்தான் செய்ய வேண்டும். எந்தப் பாடம், எந்த வருடம், எந்தத் தேர்வு, அப்புறம் எந்தக் கல்லூரி என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதற்கு ஆயத்தமாக இல்லாவிட்டால் பிள்ளைதான் சிரமப்படும்.

இது ஏதோ தனியார் டுடோரியல் என்றுதான் எங்கள் மாமனார் ரொம்ப நாள் நினைத்திருந்தார். அப்படியில்லை. 1979-ல் சிபிஎஸ்இயின் திட்டமாகத் தொடங்கி, 1989-ல் தனி அமைப்பாகி, 2002-ல் இப்போதைய பெயரைப் பெற்றது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது, தலைமையகம் நொய்டாவில். சிபிஎஸ்இ மாதிரியே இதுவும் ஒரு தேசிய வாரியம்.

சேரும்போது எங்களுக்குப் பெரிய நிம்மதி தந்தது என்னவென்றால், பத்தாம் வகுப்புக்கு எட்டாவது, ஒன்பதாவது மார்க் ஷீட் எதுவும் கேட்பதில்லை. 14 வயது முடிந்திருக்க வேண்டும், அதற்குச் சான்று வேண்டும், இந்தப் படிப்பைப் படிக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று நாமே உறுதிமொழி தந்தால் போதும். பள்ளி வாசலே மிதிக்காத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நிலையில் இருப்பவர்களுக்குப் புரியும். தமிழ்நாட்டு வாரியத்தில் தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது, அதையும் யோசித்தோம். ஆனால் அதில் எல்லாப் பாடமும் கட்டாயம், பாடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ, அதாவது பத்தாம் வகுப்புக்கு இணையான வெளிநாட்டுத் தேர்வு, நல்ல பாடத்திட்டம்தான், ஆனால் ஒரு பாடத்துக்குக் கட்டணமே பல ஆயிரம் ஆகிறது. தனித்தேர்வர்களை ஏற்கும் மையமும் எல்லா ஊரிலும் இல்லை. என்ஐஓஎஸ்ஸில் ஐந்து பாடத்துக்கும் பதிவு, பரீட்சை எல்லாம் சேர்த்துச் சில ஆயிரத்தில் முடிந்துவிட்டது.

இனி பாடத் தேர்வு. இங்கேதான் நிறைய குடும்பங்கள் தடுமாறுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குறைந்தது ஐந்து பாடம் எடுக்க வேண்டும், அதில் ஒன்றாவது மொழியாக இருக்க வேண்டும், விரும்பினால் மேலே இரண்டு பாடம் சேர்த்துக்கொள்ளலாம். கணக்கு கட்டாயமில்லை! அறிவியலும் கட்டாயமில்லை! மனையியல், உளவியல், ஓவியம், இந்தியப் பண்பாடு, கர்நாடக சங்கீதம் என்று பட்டியல் நீள்கிறது. பள்ளியில் கணக்கைப் பார்த்தாலே அழுத பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கேட்டதும் கணக்கை விட்டுவிடுவார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பத்தாவதில் கணக்கு இல்லையென்றால் பல பாலிடெக்னிக் படிப்புகளில் சேர முடியாமல் போகலாம். சென்னை ஐஐடி நடத்தும் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பு வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும், ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுதாமலே அதில் சேரலாம், ஆனால் பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும் என்று அவர்களும் கேட்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இருபது வயதில் என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் மகளுக்குக் கணக்கு பிடித்த பாடமில்லை, இருந்தாலும் சேர்த்தோம். அவளுக்குப் பிடித்த ஓவியமும் சேர்ந்ததால் பாரம் தெரியவில்லை. ஓவியத்தில் செய்முறைக்குத்தான் அதிக மதிப்பெண். வரைவதோடு முடிந்துவிடாது, அஜந்தாவிலிருந்து ஐரோப்பிய ஓவியர்கள் வரை படித்து எழுதவும் வேண்டும்.

தமிழையும் விடாதீர்கள். மொழி ஒன்று போதும் என்று விதி இருப்பதால் ஆங்கிலத்தை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்க்கிறேன். நம் பிள்ளை நம் மொழியில் நாலு பக்கம் பிழையில்லாமல் எழுத வேண்டாமா? அது ஒரு பக்கம் இருக்கட்டும், டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது, அதில் தேறாவிட்டால் மற்ற தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். பத்தாவதில் தமிழ் படித்திருந்தால் பின்னால் அந்தக் கவலை குறையும்.

புத்தகங்கள் பற்றி. அச்சு சுமார்தான், நம் மாநிலப் பாடநூல்கள் மாதிரி கண்ணுக்கு அழகாக இருக்காது. ஆனால் ஆசிரியர் இல்லாமல் தானாகப் படிக்கும் பிள்ளையை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்பது பத்துப் பக்கம் படித்தாலே தெரிந்துவிடும். ஒரு கருத்தைச் சொன்னதும் கட்டம் கட்டி நாலைந்து சின்னக் கேள்விகள், விடை பாடத்தின் கடைசியில். மகள் பென்சிலால் எழுதிப் பார்த்து, பின்பக்கம் திருப்பிச் சரிபார்த்து, தப்பாக இருந்தால் அந்தப் பத்தியை மறுபடியும் படிப்பாள். நான் பக்கத்தில் உட்கார வேண்டிய தேவையே பாதி குறைந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் செய்து காட்டிய கணக்குகள் நிறைய. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியலுக்கு மட்டும் இந்தப் புத்தகத்தோடு நிறுத்த முடியாது. நீட் எழுதுவதாக இருந்தால் என்சிஇஆர்டி புத்தகங்களைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, பாடத்திட்டத்தை இப்போது இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் சுமார் 40 சதவீத அத்தியாயங்கள் டிஎம்ஏ என்ற வீட்டுப் பணிக்கு, மீதி பொதுத்தேர்வுக்கு. தேர்வில் வராத அத்தியாயத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று பிள்ளை கேட்கும், பெற்றோருக்கும் அந்த ஆசை வரும். சான்றிதழ் மட்டும் போதும் என்றால் சரி. மேலே அதே பாடத்தைப் படிக்கப் போகிற பிள்ளை முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டும், நாங்கள் அதில் உறுதியாக இருந்தோம்.

இப்போது எனக்கு வருத்தம் தந்த பகுதி. பதியும்போது ஒரு படிப்பு மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நேர்முக வகுப்பு, செய்முறை எல்லாம் அங்கேதான். எங்களுக்குக் கிடைத்த மையத்தில் ஆய்வகத்தைச் செய்முறைத் தேர்வு நெருங்கிய பிறகுதான் திறந்தார்கள். டிஎம்ஏ பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பதில். பணம் கட்டினால் நாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறோம் என்று அங்கே ஒருவர் என்னிடமே சொன்னார். பதினைந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. டிஎம்ஏவுக்கு 20 சதவீத மதிப்பெண், பிள்ளை தன் கையால் எழுதி ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடலாம், இடையில் யாரும் தேவையில்லை. ‘பாஸ் கேரண்டி’ என்று பலகை வைத்திருக்கும் எந்த இடத்துக்கும் போகாதீர்கள். மையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய் ஆய்வகத்தைப் பாருங்கள், ஏற்கெனவே அங்கே படித்த பிள்ளையின் அம்மா அப்பாவிடம் பேசுங்கள். நாங்கள் கடைசியில் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவரைப் பிடித்தோம். பிப்பெட், பியூரெட்டைக் கையில் கொடுத்து அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததால்தான் மகள் பயமில்லாமல் இருக்கிறாள்.

பெயர் விஷயமும் சின்னதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், ஆதாரில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பள்ளியில் படித்தால் ஹெட்மாஸ்டர் எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் பதிவில் பார்த்துத் திருத்துவார், இங்கே நாம்தான் பார்க்க வேண்டும். பதிவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் விழுந்த பெயர்தான் கடைசி வரைக்கும்.

தேர்வு முறையில் என்ஐஓஎஸ்ஸை மனதாரப் பாராட்டுகிறேன். வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். பதிவு ஐந்து வருடம் செல்லும், ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. மகள் முதலில் தமிழும் ஓவியமும் மட்டும் எழுதினாள். தேர்வு மையம், ஹால் டிக்கெட், மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்வது எல்லாம் வீட்டில் படித்த பிள்ளைக்குப் புதிது. பிடித்த பாடத்தில் அது பழகிவிட்டதால் கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது கை நடுங்கவில்லை. தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும், அதிலும் பயப்பட எதுவுமில்லை.

ஆனால் இந்தச் சுதந்திரத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பத்தாவது முடித்து இரண்டு வருடம் ஆனால்தான் பன்னிரண்டாவதின் ஐந்து பாடத்தையும் எழுதி முடிக்க விடுவார்கள், ஒரு வருடத்தில் எழுதினால் நாலு பாடம் வரைதான். ஆக, பத்தாவதை மெதுவாக முடித்தால் அந்தக் கணக்கில் பன்னிரண்டாவதும் தள்ளிப்போகும். இன்னொரு பக்கம், ஏப்ரல்-மே தேர்வின் முடிவு வரும் நேரத்தில் கல்லூரி விண்ணப்பங்கள் மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் ஒரு பெரிய காலண்டர் தாளில் மகள் கல்லூரி சேர வேண்டிய ஜூலையை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வந்துதான் பத்தாவதை எப்போது முடிப்பது என்று முடிவு செய்தோம். அக்டோபர் தேர்வில் சில பாடங்களை முடித்துவிட்டால் ஏப்ரலில் பாரம் பாதியாகிவிடும்.

பன்னிரண்டாவதுக்கு அப்புறம் என்ன என்ற கேள்விக்குப் பயப்படாமல் பதில் சொல்லலாம். ஐந்து பாடங்களோடு தேறியவர்கள் ஜேஇஇ எழுதலாம், ஐஐடி, என்ஐடியில் சேர 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டி என்றால் 65) அல்லது வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைல், அதாவது தேறியவர்களில் மேலே இருக்கும் 20 சதவீதத்துக்குள், என்ற நிபந்தனை எல்லோருக்கும் போலத்தான். நீட்டில் முன்பு திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தடை போட்டார்கள், டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் அந்தத் தடையைச் செல்லாது என்றது. கல்லூரியில் டிசி கேட்டால் மார்க் ஷீட்டோடு வரும் மைக்ரேஷன் சான்றிதழைக் காட்டலாம்.

தமிழ்நாட்டுக்காரர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டியது இடஒதுக்கீட்டை. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீதம் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்காது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் இருக்கும் 20 சதவீதத்துக்கும் தொடக்கத்திலிருந்தே பள்ளிச் சான்று வேண்டும். இந்த இரண்டையும் நம்பியிருக்கும் குடும்பம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்கும் முன் நன்றாக யோசியுங்கள், இது திரும்பக் கிடைக்காத வாய்ப்பு. மாநில அரசு வேலைதான் இலக்கு என்றால் என்ஐஓஎஸ் சான்றிதழை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று அந்தந்த அறிவிக்கையைப் படித்துவிடுங்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாவதிலிருந்து இங்கே பள்ளியில் படித்த ஆதாரம் நம் பிள்ளைகளிடம் இருக்காது, அதனால் நேட்டிவிட்டி எனப்படும் இருப்பிடச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

படிப்பைத் தாண்டி எனக்கு இன்னும் இருக்கும் கவலை பிள்ளையின் நட்பு வட்டம். சின்ன வயதில் தெருவில் விளையாட ஆள் கிடைக்கும், பதினைந்து வயதில் எல்லோரும் பள்ளி, டியூஷன் என்று போய்விடுகிறார்கள். மகள் பேட்மின்டன் ஆடுவாள், பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் சேர முடியாது, கிளப் மூலமாகத்தான் ஆட வேண்டியிருக்கிறது. வாரத்தில் சில நாள் அங்கே போவதும், நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பதும்தான் அவளுடைய வெளியுலகம். இது போதுமா என்று நானும் கணவரும் அடிக்கடி பேசுகிறோம், அவளிடமும் கேட்கிறோம். பத்தாவது முடிந்தபோது பள்ளியில் பிளஸ் ஒன் சேர்கிறாயா என்று கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்று நேரம் எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்றாள். அந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும், பதில் பிள்ளையிடமிருந்து வர வேண்டும்.

தானாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் படிக்கும் பழக்கம் வந்த பிள்ளைக்கு என்ஐஓஎஸ்ஸைத் தைரியமாகச் சொல்வேன். இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லையென்றால் 14 வயது ஆனதுமே பதிய வேண்டும் என்று ஒன்றும் கட்டாயமில்லை, ஒரு வருடம் பொறுக்கலாம். புத்தகங்களும் பழைய வினாத்தாள்களும் அவர்கள் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. பணம் கட்டும் முன் அறிவியலில் ஒரு பாடத்தை இறக்கி அச்செடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து, அதிலிருக்கும் கேள்விகளைத் தானாகச் செய்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள்.