இரண்டு வருடம் ஓட்டியபின்: என் மின்சாரக் காரும் அதன் மென்பொருளும்

கார் வாங்கி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பெரும்பாலும் கோயம்புத்தூர் ஊருக்குள், அப்புறம் வேலை விஷயமாக சேலம் வரை. மோட்டார், பேட்டரி, சஸ்பென்ஷன் எதிலும் குறை இல்லை. நல்லதோ கெட்டதோ, சொல்ல வேண்டியதெல்லாம் மென்பொருளைப் பற்றித்தான்.

முதலில் நல்லது. பெருந்துறை தாண்டி ஹைவேயில் போகும்போது, சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு டூவீலர் திடீரென்று குறுக்கே ஏறியது. என் கால் பிரேக்குக்குப் போவதற்குள் கார் தானே பிரேக் பிடித்துவிட்டது. அந்த ஒரு வசதிக்காகவே இந்தக் காரை மறுபடி வாங்குவேன். ஆனால் லேன் மாறாமல் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும் வசதியை ஊருக்குள் அணைத்தே வைத்திருக்கிறேன். பாதி அழிந்த கோடு, ஓரத்தில் நிற்கும் லாரி, எதிரே வரும் ஆட்டோ, இவற்றுக்கு நடுவே அது உதவியை விடத் தொந்தரவுதான் அதிகம்.

ஒரு மழை நாள் மாலை, ரிவர்ஸ் எடுக்கும்போது திரை முழுக்க கறுத்துவிட்டது. கேமரா இல்லை, ஏசியைக் குறைக்கவும் வழியில்லை, ஏனென்றால் அதுவும் திரைக்குள்தான். வண்டி மட்டும் வழக்கம்போல ஓடியது. திரைக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருப்பதே காரணம். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய 'கேன்' என்ற இணைப்பு முறையில்தான் இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. திரை செத்தாலும் பிரேக் சாகாது என்பது தெரிந்திருந்தால் நடுரோட்டில் பதற வேண்டியதில்லை.

அப்டேட்டுகளால் கார் மெருகேறியிருக்கிறது. சார்ஜிங் நிலையத்தோடு அடிக்கடி தகராறு செய்த கார் இப்போது ஒழுங்காக இணைகிறது. ஆனால் ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி முன்பை விட சட்டென்று வேகம் குறைய ஆரம்பித்தது. என் மனைவிதான் முதலில் கவனித்தார். வந்த குறிப்பில் 'செயல்திறன் மேம்பாடு' என்று மட்டும் இருந்தது. காலை எடுத்தால் மோட்டாரே பிரேக் போல வண்டியை இழுத்துப் பிடிக்கிறது; பிரேக் சம்பந்தப்பட்ட இந்த விஷயத்தை இப்படி ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது. மென்பொருளால் பிரேக் எவ்வளவு மாறும் என்பதற்கு 2018-இல் டெஸ்லா மாடல் 3 காரே உதாரணம். மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி தேவைப்பட்டது, இணையம் வழியே வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு 133 அடியானது. அது நல்ல மாற்றம்தான். ஆனால் ஓட்டுகிறவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய மாற்றம்.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது வேறு. ஒரு நாள் காலை திரையில் வரிசையாக எச்சரிக்கைகள்: பிரேக் கோளாறு, ஸ்டியரிங் கோளாறு, இன்னும் என்னென்னவோ. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார். வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி இல்லை, கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரம் தரும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தது, அவ்வளவுதான். மாற்றிய பிறகும் ஒரு எச்சரிக்கை போகவில்லை. "அண்ணே, ஸ்கேனர்ல எரர் கோட் காட்டுது. அழிக்கணும்னா கம்பெனி லாகின் வேணும்" என்றார். லாப்டாப்பில் சில நிமிட வேலை. அதற்காக சர்வீஸ் சென்டரில் நாள் முழுக்கக் காத்திருந்தேன். கை சுத்தமான மெக்கானிக்கை ஒரு பாஸ்வேர்டு வெளியே நிறுத்தி வைப்பது சரியில்லை.

வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவில் திரையைப் பார்க்காமல் வைப்பரையும் ஏசியையும் இயக்கிப் பாருங்கள். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பே 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறது. அப்டேட் எத்தனை வருடம் வரும், காரின் இணைய சிம் எதுவரை இலவசம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். என் காருக்கு அந்த இலவசக் காலம் முடியப் போகிறது. புதுப்பிக்க எவ்வளவு என்று கேட்டால் ஷோரூமில் இன்னும் பதில் இல்லை.