க்யூட்டியில் மெனுவும் டூல்பாரும்: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பிறகு

க்யூட்டி (Qt) என்பது கணினிச் செயலிகளின் சாளரம், மெனு, பட்டன் போன்ற திரைப் பொருள்களை, அதாவது விட்ஜெட்களை, உருவாக்க உதவும் நூலகம். அதில் மெனு போடுவது முதல் நாளில் பத்து நிமிட வேலை. அதன் தரம் தெரிய வருவது செயலி வளர்ந்து, கட்டளைகள் நூறைத் தாண்டி, டூல்பார் நான்கைந்தாகப் பெருகிய பிறகுதான். க்யூட்டி 5, 6 இரண்டிலும், சி++ மொழியிலும் பைதானிலும் தொடர்ந்து புழங்கிய பின் உறுதியாகச் சொல்லலாம்: எல்லாமே க்யூஆக்‌ஷன் (QAction) என்ற ஒரே பொருளைச் சுற்றித்தான் சுழல்கிறது; ஒரு கட்டளையின் விவரங்களைத் தாங்குவது அதுதான். அதை மையமாக வைத்து எழுதினால் இந்த நூலகம் பல ஆண்டுகளுக்குத் தலைவலி தராது.

‘சேமி’ என்ற கட்டளைக்கு ஒரே ஓர் ஆக்‌ஷனை உருவாக்கி, அதையே கோப்பு மெனுவிலும் டூல்பாரிலும் வலது கிளிக் மெனுவிலும் சேர்க்க வேண்டும். பெயர், ஐகான், ஷார்ட்கட், டிக் குறி, இயங்குமா இயங்காதா என்ற நிலை எல்லாம் அந்த ஓர் இடத்தில் இருக்கும். அந்த நிலையை மாற்றும் செட்எனேபிள்டு ஒருமுறை அழைத்தால் மூன்று இடத்திலும் மங்கும். டூல்பாருக்கெனத் தனி பட்டன் செய்து அதே ஃபங்ஷனை இணைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. மெனுவில் மங்கிய கட்டளை டூல்பாரில் அழுத்தக் கிடைப்பது அதனால்தான். எது இயங்கும், எது மங்கும் என்ற முடிவுகளையும் ஒரே ஃபங்ஷனில் வைத்து, தேர்வு மாறும்போதும் டேப் மாறும்போதும் ஆவணம் திருத்தப்படும்போதும் அதை அழைப்பது நல்லது. அங்கங்கே சிதறிய ‘இஃப்’ வரிகளைப் பின்னால் தேடித் திருத்துவது பெரும்பாடு.

2020 டிசம்பரில் வந்த க்யூட்டி 6-இல் க்யூஆக்‌ஷன், விட்ஜெட்ஸ் மாட்யூலிலிருந்து ஜியுஐ மாட்யூலுக்கு மாறிவிட்டது. பழைய பைதான் நிரல்கள் இறக்குமதி வரியிலேயே நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அந்த வரியைத் திருத்தினால் போதும்.

ஏதேனும் நடந்ததைத் தெரிவிக்க க்யூட்டி அனுப்பும் சிக்னல்களில் இரண்டு பொறிகள். ட்ரிகர்டு என்பது பயனர் அழுத்தும்போது வரும். நிரலுக்குள் டிக் நிலையை மாற்றும் செட்செக்டு அழைத்தால் வராது. டாகிள்டு என்பது டிக் நிலை எப்படி மாறினாலும் வரும். அமைப்புகளைப் படித்து ‘கட்டங்களைக் காட்டு’ என்பதற்கு டிக் போட்டும் திரையில் கட்டம் வரவில்லை என்றால், ட்ரிகர்டில் இணைத்திருப்பீர்கள். இரண்டாவது பொறி, பைதானில் க்யூட்டியைப் பயன்படுத்த உதவும் பைக்யூட்டியில் உள்ளது: ட்ரிகர்டு சிக்னல் கூடவே ஒரு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) மதிப்பையும் அனுப்பும். சேமிக்கும் ஃபங்ஷனுக்குக் கோப்புப் பாதை விருப்ப அளவுருவாக இருந்தால், அதற்குள் ‘ஃபால்ஸ்’ போய் உட்கார்ந்துவிடும். அளவுரு இல்லாத லாம்டா (பெயரில்லாச் சிறு ஃபங்ஷன்) ஒன்றை இடையில் வைத்தால் தீரும்.

ஷார்ட்கட்தான் அதிக நேரத்தைத் தின்னும் பகுதி. ஒரே சாளரத்தில் இரண்டு ஆக்‌ஷன்களுக்கு ஒரே விசை கொடுத்தால், இரண்டுமே இயங்காது. கன்சோலில் ஓர் எச்சரிக்கை வரும். விண்டோஸில் கன்சோல் இல்லாமல் ஓடும் செயலியில் அதுவும் கண்ணில் படாது. உதாரணமாக, பட்டியல் பேனலுக்கும் வரைபலகைக்கும் தனித்தனி ‘அழி’ தேவையென்றால், ஷார்ட்கட் சூழலை ‘விட்ஜெட் வித் சில்ட்ரன்’ (அந்தப் பேனலிலோ அதற்குள்ளோ ஃபோகஸ் இருந்தால் மட்டும் இயங்குவது) என்று மாற்றி, ஆக்‌ஷனை அந்தந்தப் பேனலில் ஆட்ஆக்‌ஷன் மூலம் சேர்க்க வேண்டும். இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றைச் சாளர அளவிலேயே விட்டால், மற்ற பேனலில் ஃபோகஸ் இருக்கும்போது மோதல் மீண்டும் வரும். முழுத்திரையில் மெனு பட்டியை மறைத்தால் விண்டோஸிலும் லினக்ஸிலும் அதிலுள்ள ஷார்ட்கட்களும் செத்துவிடும். முக்கியமான ஆக்‌ஷன்களை மெயின் விண்டோவிலும் நேரடியாகச் சேர்த்து வைப்பதே மருந்து. ‘மீண்டும் செய்’ விண்டோஸில் கண்ட்ரோல்+ஒய், லினக்ஸில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+இஸட். ஆகவே விசைகளைக் கையால் எழுதாமல், அந்தந்தத் தளத்துக்கேற்ற விசையைத் தரும் ஸ்டாண்டர்டுகீ பயன்படுத்துங்கள். ‘வெளியேறு’ போன்ற சில கட்டளைகளுக்கு விண்டோஸில் அது காலியாக இருக்கும்.

டூல்பார்களின் இடத்தை நினைவில் வைக்கும் சேவ்ஸ்டேட், ரீஸ்டோர்ஸ்டேட் இரண்டும் அருமையானவை. ஆனால் ஒவ்வொரு டூல்பாருக்கும் ஆப்ஜெக்ட்நேம் என்ற உள் அடையாளப் பெயர் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இடம் திரும்பாது. அந்தப் பெயரை மொழிபெயர்க்கவும் கூடாது. டூல்பார் அமைப்பைப் பெரிதாக மாற்றும் வெளியீட்டில் சேவ்ஸ்டேட், ரீஸ்டோர்ஸ்டேட் இரண்டிலும் பதிப்பு எண்ணைக் கூட்டினால் பழைய அமைப்பு ஏற்கப்படாது, புதியது சுத்தமாகத் தொடங்கும். ‘டூல்பார் காணாமல் போய்விட்டது’ என்று வரும் புகாரில் பெரும்பாலும் பயனரே வலது கிளிக்கில் தெரியாமல் மறைத்திருப்பார். டூல்பாரைக் காட்டவும் மறைக்கவும் உதவும் டாகிள்வியூஆக்‌ஷனைக் ‘காட்சி’ மெனுவில் வைத்தால் திரும்பக் கொண்டுவர வழி கிடைக்கும். டூல்பாரில் காம்போபாக்ஸ் (கீழ்விரி பட்டியல்) போன்றவற்றைச் சேர்த்தால், மறைக்க அந்த விட்ஜெட்டின் ஹைடு உதவாது. ஆட்விட்ஜெட் திருப்பித் தரும் ஆக்‌ஷனைப் பிடித்து வைத்து அதன் செட்விசிபிளைத்தான் அழைக்க வேண்டும்.

மேக்கில் ஆங்கில மெனு வைத்திருந்தால் கவனம் தேவை. ‘செட்டப்’, ‘கான்ஃபிக்’, ‘ஆப்ஷன்ஸ்’ என்று தொடங்கும் உருப்படிகளை க்யூட்டி தானாகவே செயலியின் பெயர் கொண்ட மெனுவுக்குக் கடத்திவிடும். ‘செட்டப் பிரிண்டர்’ இப்படித்தான் இடம் மாறும். பிரிஃபரன்சஸ், அபவுட், குவிட் மூன்றுக்கும் மெனுரோலை (எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்ற குறிப்பை) வெளிப்படையாகக் கொடுத்து, இப்படி இடம் மாறக்கூடிய மற்றவற்றுக்கு, இடம் மாற்றாதே என்று சொல்லும் ‘நோரோல்’ வையுங்கள்.

தமிழ் இடைமுகத்தில் ஐகானுக்குக் கீழே எழுத்து காட்டினால், நீளமான சொற்களால் டூல்பார் வழிந்து வலது முனையில் இரட்டை அம்புக்குறிக்குள் ஒளிந்துகொள்ளும். மெனுவுக்கு முழுப்பெயரும், செட்ஐகான்டெக்ஸ்ட் வழியாக டூல்பாருக்குக் குறும்பெயரும் கொடுக்கலாம். ஆல்ட் விசைக்கான எழுத்தைத் தமிழ்ச் சொல்லுக்குள் வைக்காமல், ஜப்பானிய மொழிபெயர்ப்புகளைப் போல இறுதியில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்தாக வைப்பது மேல். சமீபத்திய கோப்புகள் பட்டியலில் கோப்பின் பெயரில் ‘&’ இருந்தால் அது விசைக்குறியாகக் கருதப்பட்டு மறைந்துவிடும்; ‘&&’ என்று மாற்றியே காட்ட வேண்டும்.

ஐகான்களுக்கு, எந்த அளவிலும் தெளிவு குறையாத எஸ்விஜி வடிவப் படங்களை எடுங்கள். 125, 150 சதவீதத் திரைகளில் பிஎன்ஜி மங்கலாகத் தெரியும். ஆனால் நிறுவியில் எஸ்விஜி ஐகான் பிளக்இன் விடுபட்டால், நிரலாளர் கணினியில் சரியாகத் தெரியும் டூல்பார் பயனரிடம் வெற்றுப் பட்டன்களாக நிற்கும். க்யூட்டி இல்லாத ஒரு கணினியில் நிறுவிப் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.