பிளஞ்ச் ரூட்டரா, ஃபிக்ஸட் பேஸ் ரூட்டரா: ஆழத்தை முன்வைத்து ஓர் அலசல்

மரத்தில் பள்ளமும் துளையும் எடுக்கவும் விளிம்புக்கு வடிவம் கொடுக்கவும் உதவும் மின்கருவியான ரூட்டரில் பிளஞ்ச், ஃபிக்ஸட் பேஸ் என இரு வகை உண்டு. இரண்டிலும் மோட்டார் ஒன்றுதான், சுழன்று வெட்டும் முனையான பிட்டைப் பிடிக்கும் காலெட் ஒன்றுதான், பொருத்தும் பிட்டுகளும் அவையேதான். வேறுபாடு முழுவதும் பிட் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை நாம் எப்போது, எப்படித் தீர்மானிக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஃபிக்ஸட் பேஸ் ரூட்டரில் அடித்தளத்தின் வளையத்துக்குள் மோட்டாரை ஏற்றியோ இறக்கியோ இறுக்கிவிடுகிறோம். பிட் அடித்தட்டுக்குக் கீழே எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அதே அளவில்தான் வேலை முடியும் வரை நிற்கும். பிளஞ்ச் ரூட்டரில் மோட்டார் இரண்டு எஃகுத் தண்டுகளின் மேல் ஸ்பிரிங் தாங்கலோடு நிற்கிறது; கையால் அழுத்தினால் இறங்குகிறது, பூட்டும் நெம்பை விடுவித்தால் தானே மேலே எழுகிறது. எனவே ஆழம் என்ற ஒன்றை அளவுகோலாக வைத்துப் பார்ப்பதே இவ்விரண்டையும் ஒப்பிட நேர்மையான வழி என்று கருதுகிறேன்.

பலகையின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடியும் காடியையும் (நீண்ட பள்ளம்), கழுந்து (மற்றொரு பலகையின் நீட்டிய முனை) நுழைவதற்கான துளையையும் எடுத்துக்கொண்டால் போட்டிக்கே இடமில்லை. ஃபிக்ஸட் பேஸில் இதைச் செய்ய, ஓடும் இயந்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, பிட்டை மெல்ல மரத்துக்குள் இறக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் அடித்தட்டின் ஒரு விளிம்பு மட்டுமே பலகையைத் தொட்டிருப்பதால், பிட் மரத்தைக் கவ்வும் கணத்தில் இயந்திரம் பக்கவாட்டில் இழுக்கும். துளையின் வாய் அகன்றுவிடுவது சிறிய இழப்பு, கைப்பிடி நழுவுவது பெரிய ஆபத்து. பிளஞ்ச் ரூட்டரில் அடித்தட்டு முழுவதும் பலகையில் படிந்த நிலையிலேயே பிட் நேர்செங்குத்தாக இறங்குகிறது. ஆயினும் எல்லா பிட்டும் இப்படி இறங்காது. அடிமுனையிலும் வெட்டும் பிட்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வெட்டப்படாமல் நிற்கும் மரம் பிட்டைத் தடுத்து, உராய்வில் கருகிவிடும்.

பிளஞ்ச் ரூட்டரின் உண்மையான மதிப்பு, மோட்டாரோடு இறங்கும் அதன் ஆழத் தடுப்புக் கம்பியிலும், அந்தக் கம்பி முட்டி நிற்பதற்காக அதற்குக் கீழே அடித்தளத்தின் மேல் சுழலும், வெவ்வேறு உயரப் படிகள் கொண்ட படிவட்டிலும் இருக்கிறது. பலர் இயந்திரத்தில் பொறித்துள்ள அளவுகோலைப் பார்த்தே ஆழத்தை வைக்கிறார்கள். அந்தக் கோடுகளை நான் நம்புவதில்லை. மின்சார இணைப்பைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தைச் சமமான பலகையின் மேல் வைத்து, படிவட்டின் தாழ்ந்த படியைக் கம்பிக்குக் கீழே கொண்டுவந்து, பிட்டின் முனை பலகையைத் தொடும் வரை மோட்டாரை இறக்கிப் பூட்டுகிறேன். இதுவே சுழி (பூஜ்ஜிய) நிலை. இப்போது 12 மி.மீ. ஆழம் வேண்டுமானால், 12 மி.மீ. துளைப்பான் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியைக் கம்பிக்கும் படிக்கும் இடையே படுக்க வைத்து, கம்பி அதன் மேல் இலேசாக உட்காரும்படி இறக்கித் திருகை இறுக்குகிறேன். தண்டை உருவி எடுத்தபின் எஞ்சும் இடைவெளிதான் வெட்டின் ஆழம். அதில் கண்ணின் பிழைக்கு இடமில்லை.

இதையே ஆழமான துளைக்கு விரித்துப் பார்க்கலாம். 12 மி.மீ. பிட்டால் 30 மி.மீ. ஆழத் துளை எடுப்பதாயின், ஒவ்வொரு முறையும் 6 மி.மீ. வீதம் ஐந்து முறை இறக்குவது பிட்டுக்கும் மோட்டாருக்கும் நல்லது. படிவட்டில் பெரும்பாலும் மூன்று படிகளே இருக்கும் என்பதால் இடைப்பட்ட ஆழங்களைக் கைக்கணக்கில் விட்டுவிடலாம். கடைசி ஆழம் மட்டும் தாழ்ந்த படியில் துல்லியமாக நிற்க வேண்டும். ஃபிக்ஸட் பேஸில் இந்த ஐந்து இறக்கத்துக்கும் ஐந்து முறை நிறுத்தி, தளர்த்தி, அளந்து, இறுக்க வேண்டும். போதாக்குறைக்கு, இறுக்கும்போது மோட்டார் இம்மியளவு நகர்வதுண்டு. ஆகவே இறுக்கிய பிறகே இறுதியாக அளந்து பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரே ஆழத்தில் நெடுநேரம் ஓடும் வேலையில் கதை மாறுகிறது. புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும் புறாவால் இணைப்பில் ஆழம் சிறிது பிசகினாலும் மூட்டு தளர்ந்தோ நுழையாமலோ போகும். அங்கே நகரும் பாகங்கள் இல்லாத ஃபிக்ஸட் பேஸின் உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். விளிம்பு உருட்டும் வேலையிலும் அதற்கே முதலிடம். அதன் கைப்பிடிகள் அடித்தட்டை ஒட்டித் தாழ்வாக இருக்கின்றன. பிளஞ்ச் ரூட்டரில் எடையும், பல மாதிரிகளில் கைப்பிடிகளும் மோட்டாரோடு உயரத்தில் நிற்பதால், அடித்தட்டில் பாதிக்கு மேல் பலகைக்கு வெளியே தொங்கும்போது இயந்திரம் வெளிப்பக்கம் சாயப் பார்க்கும். மூலைகளைத் திரும்பும்போது இந்தச் சாய்வு விளிம்பில் பள்ளமாகவே பதிந்துவிடும்.

தண்டுகளின் பராமரிப்பும் பிளஞ்ச் ரூட்டருக்கு மட்டுமே உரிய பொறுப்பு. மரத்தூள் படிந்தால் இறக்கம் தடுமாறும். எண்ணெய் இட்டால் அதில் தூள் ஒட்டிப் பசையாகிவிடும். துடைத்து, உலர்ந்த மெழுகுப் பூச்சு இடுவதே சரி. இறக்கும்போது இரு கைப்பிடிகளையும் சமமாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் தண்டு தான் நழுவி இறங்கும் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும்.

ஒருமுறை நான் எடுத்த துளை வரிசையில் கடைசி மூன்று துளைகள் வேண்டியதைவிட ஏறத்தாழ 3 மி.மீ. கூடுதல் ஆழமாகிவிட்டன. தடுப்புக் கம்பி தளர்ந்திருக்கும் என்று முதலில் அதையே சோதித்தேன், அது அசையவில்லை. காலெட்டுக்குள் தூள் படிந்திருந்ததால் பிடிப்பு குறைந்து, மேல்நோக்கிச் சீவலைத் தள்ளும் சுருள் பிட் தானே கீழே நழுவியிருந்தது. அன்றிலிருந்து பிட்டை மாற்றும்போதெல்லாம் காலெட்டைத் துடைக்கிறேன். பிட்டை அடிவரை செருகி, 2 அல்லது 3 மி.மீ. வெளியே இழுத்தபின்பே இறுக்குகிறேன். இந்தத் தவறு இரு வகைக்கும் பொதுவானது, வேகமும் அப்படியே. நிமிடத்துக்கு 24,000 சுற்றில் 12 மி.மீ. பிட்டின் விளிம்பு நொடிக்கு சுமார் 15 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால், 50 மி.மீ. பிட்டின் விளிம்பு சுமார் 63 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வேகத்தைக் குறைக்க வழியில்லாத இயந்திரத்தில் பெரிய பிட்டைப் பொருத்தவே கூடாது.

மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்துவதானால் ஃபிக்ஸட் பேஸையே பரிந்துரைப்பேன். பிளஞ்ச் ரூட்டரை அங்கே பொருத்தினால், பிட்டை உயர்த்த மோட்டாரின் எடையோடு ஸ்பிரிங்கின் எதிர்ப்பையும் சேர்த்துத் தள்ள வேண்டும்; மி.மீ.க்குக் குறைவான திருத்தம் அந்த நிலையில் கைக்கு வசப்படாது. ஒரே ஒரு ரூட்டர்தான் வாங்க இயலும், வேலையும் பெரும்பாலும் கையில் பிடித்துச் செய்வது என்றால், தடுப்புக் கம்பியைப் பழகிக்கொள்ளும் பொறுமை உள்ளவர்களுக்கு நான் பிளஞ்ச் ரூட்டரையே சொல்வேன். ஒரு மோட்டாரும் இரண்டு அடித்தளங்களுமாக வரும் தொகுப்பு கிடைத்தால் அது இன்னும் மேல். மோட்டாரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் சுழி நிலையைப் புதிதாக வைத்தாக வேண்டும்.